குறுக்கெழுத்தின் கதை



செய்தித்தாளின் ஒரு மூலையில் கறுப்பும் வெளுப்புமாகச் சில கட்டங்கள் அச்சாகியிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இடமிருந்து வலமாகச் சில சொற்கள், மேலிருந்து கீழாகச் சில சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. குறுக்கெழுத்து என்று நாம் வழங்கும் இவ்விளையாட்டுக்கு இன்னும் நூற்றிருபது வயது நிரம்பவில்லை. எனினும் இச்சிறு வாழ்நாளுக்குள் அது ஒரு பெரும் போரின் காவலதிகாரிகளைக் கலங்க வைத்திருக்கிறது. நம் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் பிறக்கக் காரணமாகியிருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் படிகளிலும் ஏறி நின்றிருக்கிறது. ஒரு விடை அறிவினால் காணப்படுகிறதா, அதிர்ஷ்டத்தினால் கிட்டுகிறதா என்னும் வினா அதன் வரலாறு முழுவதிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வினாவைக் கைவிளக்காகக் கொண்டு இவ்வரலாற்றுக்குள் நுழைவோம்.

1913ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரில் வெளிவந்த 'வேர்ல்டு' என்னும் செய்தித்தாளின் வேடிக்கைப் பகுதியில் ஒரு புதிர் இடம் பெற்றது. அதனை அமைத்தவர் ஆர்தர் வின் என்பவர். இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரிற் பிறந்து அமெரிக்கா சென்று பத்திரிகைத் தொழிலில் அமர்ந்தவர். அவர் வரைந்த உருவம் இன்று நாம் காணும் சதுரம் அன்று. வைரக்கல் வடிவில், நடுவே வெற்றிடம் விட்டு, கறுப்புக் கட்டமே இல்லாமல் அமைந்திருந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் 'வேர்டு கிராஸ்', அஃதாவது 'சொற்குறுக்கு'. சில வாரங்களுக்குள் அச்சுக்கூடத்தில் எவரோ அவ்விரு சொற்களையும் முன்பின்னாக மாற்றிக் கோத்துவிட்டனர். 'கிராஸ்வேர்டு' என்ற பெயர் பிறந்தது. அச்சுப் பிழை ஒன்று அகராதியில் ஏறி நிலைத்த அருமையான இடம் இது.

ஆயினும் எழுத்துகளைக் கட்டத்துள் அடைத்து நெடுக்கும் குறுக்குமாகப் படிக்கும் ஆசை வின் என்பாருக்குத்தான் முதன்முதல் தோன்றியது என்று எண்ணற்க. இத்தாலியில் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலில் கி.பி. 79இல் புதையுண்ட பொம்பெய் நகரத்தைத் தோண்டியபோது, சுவரிலும் தூணிலும் கீறப்பட்ட ஓர் எழுத்துச் சதுரம் கிடைத்தது. ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்தெழுத்து, ஆக 25 கட்டம். அதிலுள்ள ஐந்து இலத்தீன் சொற்களையும் இடமிருந்து படித்தாலும், வலமிருந்து படித்தாலும், மேலிருந்து படித்தாலும், கீழிருந்து படித்தாலும் அதே தொடர் வரும். அவ்வைந்தனுள் ஒரு சொல்லுக்கு உறுதியான பொருள் இன்றளவும் அறிஞர்க்கு அகப்படவில்லை. சதுரத்தை முடிக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு பெயரைப் படைத்துக்கொண்டனரோ என்று ஐயுறுவார் உளர். கட்டம் கட்டுவோருக்கு நேரும் அந்த இடர்ப்பாடு அன்றே இருந்திருக்கிறது!

தமிழிலும் இவ்வாசை பழமையானது. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில் சித்திரகவிகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் சருப்பதோபத்திரம் என்பது எட்டெழுத்து ஓரடியாக நான்கடி அமைப்பது. அவ்வடிகளை மேலிருந்து எழுதி, மீண்டும் இறுதியிலிருந்து முதல்வரை எழுதி 64 கட்டங்களை நிரப்பினால், எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் செய்யுள் மாறாது. சுழிகுளம், கோமூத்திரி, நாகபந்தம் என்று இன்னும் பல உண்டு. முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கும் மாலைமாற்றில் திருஞானசம்பந்தர் சீகாழியின்மீது ஒரு பதிகமே பாடியிருக்கிறார். ஆனால் இவை யாவும் புலவன் தன் ஆற்றலைக் காட்ட, நாம் கண்டு வியப்பவை. நம் கையில் எழுதுகோலைக் கொடுத்து 'நீ நிரப்பு' என்று அவை சொல்வதில்லை.

அவ்வாறு சொல்லும் வகைகளும் அதே நூலில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வினாவுத்தரம் என்பது ஒன்று. சில வினாக்களை எழுப்பி, அவற்றின் விடைகளைச் சேர்த்தால் முடிவில் ஒரு சொல் தோன்றுமாறு செய்வது அது. அரசனைக் குறிக்கும் ஓரெழுத்துச் சொல் யாது? கோ. ஊரைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல் யாது? புரம். இரண்டும் கூடினால் திருக்கோயிலின் வாயிலில் உயர்ந்து நிற்பது யாது? கோபுரம். இனி அக்கரச்சுதகம் என்பது எழுத்தை நீக்கிக்கொண்டே சென்று புதுப்புதுப் பொருள் காண்பது. அதே கோபுரத்தில் முதலெழுத்தை நீக்கினால் ஊர் எஞ்சுகிறது. இரண்டாம் எழுத்தை நீக்கினாலோ கோரம் வந்து நிற்கிறது! எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்வது எழுத்து வருத்தனம். இவை விளையாட்டு, பள்ளிப் பிள்ளைகளும் ஆடத்தக்கவை. நம் ஆசிரியர்கள் இவற்றை அணியிலக்கணம் என்று சொல்லித் தேர்வுக்கு மட்டும் நடத்தி முடித்துவிடுவது எனக்கு என்றும் உடன்பாடில்லாத செயல்.

எழுத்தை மாற்றும் விளையாட்டை இங்கிலாந்தில் தனி விளையாட்டாக ஆக்கியவர் லூயி கரோல். 'ஆலிஸ்' என்னும் சிறுமியின் அற்புதக் கதையை எழுதிய அவர், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். இயற்பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். 1877ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், பொழுது போகவில்லை என்று முறையிட்ட இரு சிறுமியருக்காக அவர் இதனைப் புனைந்தார். ஒரு சொல்லைக் கொடுத்து, ஒவ்வொரு படியிலும் ஓரெழுத்தை மட்டும் மாற்றி, வேறொரு சொல்லில் கொண்டு சேர்க்க வேண்டும். இடையில் வரும் ஒவ்வொன்றும் அகராதியிலுள்ள சொல்லாக இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் 'தலை'யை 'வால்' ஆக்க இடையே நான்கு சொற்கள் போதுமென்று அவர் காட்டினார். 1879 முதல் ஒரு பத்திரிகையில் இதைப் போட்டியாகவும் நடத்தினார்.

தமிழில் இதனை ஆடிப் பாருங்கள். கல்லை மண்ணாக்க வேண்டுமா? கல், கண், மண், முடிந்தது. நரியைப் பரியாக்கச் சிவபெருமான் திருவிளையாடல் புரிய வேண்டியிருந்தது. நமக்கோ ஓரெழுத்து போதும். அவ்வெழுத்தையே மீண்டும் மாற்றினால் பரி கரியாகும், கரி அரியாகும். குதிரையும் யானையும் சிங்கமும் ஒரே கட்டத்தில் வந்து போகின்றன. உயிரும் மெய்யும் கூடி நிற்கும் நம் எழுத்தை எண்ணி ஆடும்போது, ஓரெழுத்தின் எடை எத்துணை என்பது விரல்நுனியில் தெரிகிறது.

இனி மீண்டும் அமெரிக்காவுக்குச் செல்வோம். பத்தாண்டு காலம் குறுக்கெழுத்து அந்த ஒரு செய்தித்தாளின் செல்லப்பிள்ளையாகவே இருந்தது. 1924 ஏப்ரல் 10ஆம் நாள் சைமன், ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர்கள், தாங்கள் புதிதாகத் தொடங்கிய பதிப்பகத்தின் வாயிலாகக் குறுக்கெழுத்துகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டனர். இத்தகைய வேடிக்கை நூலில் தம் பெயரை இட நாணி, 'பிளாசா' என்ற வேறொரு பெயரில் வெளியிட்டனர். முதற்பதிப்பு 3,600 படிகள். ஒவ்வொன்றுடனும் ஒரு பென்சில். ஓராண்டுக்குள் அந்நூலும் அதன் தொடர்களும் இலட்சக்கணக்கில் விற்றன. ஒரு புகைவண்டி நிறுவனம் பயணிகளுக்காக வண்டிகளில் அகராதிகளை வைத்தது என்றால் அந்த வெறியை நீங்களே உணரலாம்.

அறிவுடையோர் முகம் சுளித்தனர். 'நியூயார்க் டைம்ஸ்' அதே 1924இல் இதனை வீண் காலக்கழிவு என்று கடிந்து தலையங்கம் எழுதியது. பின்னர் 1942 பிப்ரவரி 15இல், போர்க்காலத்தில் மக்கள் மனத்துக்குச் சிறிது ஆறுதல் வேண்டும் என்று கருதித் தானும் குறுக்கெழுத்தை வெளியிடத் தொடங்கியது. அதற்கு ஆசிரியராக அமர்ந்தவர், 1924இல் அம்முதல் நூலைத் தொகுத்த மூவருள் ஒருவரான மார்கரெட் ஃபாரர் என்னும் அம்மையார். 1969 வரை அப்பணியில் இருந்து, கட்டத்தின் ஒழுங்குகளை நிலைநாட்டியவர் அவர். கட்டத்தின் எழுத்துகள் நெடுக்கிலும் குறுக்கிலும் சரிபார்க்கப்படுதல் வேண்டும் என்பது அவ்வொழுங்குகளில் தலையாயது. இந்த ஒன்றை நினைவில் நிறுத்துங்கள். பின்னால் நமக்கு வேண்டும்.

இங்கிலாந்தில் இக்கலை வேறொரு வழியிற் சென்றது. அங்குக் குறிப்பே புதிராயிற்று. சொல்லின் பொருளை நேரே கூறாமல், சிலேடையும் எழுத்து மாற்றமும் கலந்து மறைத்துக் கூறினர். இவ்வகைப் புதிர் அமைத்தோர் ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணையாளர்களின் கொடும் பெயர்களைத் தமக்குப் புனைபெயராகச் சூடிக்கொண்டது ஒரு வேடிக்கை. ஆடுவோரை வதைப்பது தம் தொழில் என்று ஒப்புக்கொண்டனர் போலும்! ஆனால் வதைக்கும் தொழிலுக்கும் ஒரு நீதி வேண்டும் என்பதைப் பள்ளியாசிரியர்கள் சிலர் எடுத்துரைத்தனர். தலைமையாசிரியராகவும் சமயகுருவாகவும் இருந்த ரிச்சி என்பவர் 1949இல் வெளியிட்ட தம் நூலில், புதிர் அமைப்பவன் தான் கருதியதை மறைக்கலாம், ஆயினும் அவன் எழுதிய சொற்கள் விடையைப் பிழையின்றிச் சுட்டியாக வேண்டும் என்ற கருத்தை வகுத்தார். கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த மக்நட் என்பவர் 'சிமெனிஸ்' என்ற புனைபெயரில் 1939 முதல் 'அப்சர்வர்' இதழில் புதிர் அமைத்தவர். 1966இல் அவர் எழுதிய நூல் இத்துறைக்கு இலக்கண நூலாகவே கொள்ளப்பட்டது. நல்ல குறிப்பு ஒன்றே ஒரு விடைக்குத்தான் பொருந்தும்; விடை தெரிந்தபின் ஆடுவோன் 'ஆம், இதுவே; வேறு இல்லை' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நன்கு அமைந்த தேர்வு வினாத்தாளுக்கும் அதுவன்றோ இலக்கணம்?

இவ்வரிசையில் மூன்றாவதாக ஒரு தலைமையாசிரியர் வருகிறார். அவர் கதை போர்க்காலக் கதை. லெனார்டு டா என்பது அவர் பெயர். இலண்டனின் ஸ்ட்ராண்டு பள்ளியின் தலைவர். 'டெய்லி டெலிகிராஃப்' செய்தித்தாளுக்குக் குறுக்கெழுத்து அமைப்பவர். 1944 ஜூன் 6ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கின என்பதை நீங்கள் வரலாற்றில் படித்திருக்கிறீர்கள். அந்தப் படையெடுப்பின் மறைபெயர் 'ஓவர்லார்டு'. கடற்படைப் பகுதிக்கு 'நெப்டியூன்'. கொண்டுசென்று நிறுத்தும் செயற்கைத் துறைமுகத்துக்கு 'மல்பெரி'. அமெரிக்கப் படைகள் இறங்கிய இரு கடற்கரைகளுக்கு 'யூட்டா', 'ஒமாஹா'. மிகச் சிலரே அறிந்த இவ்வைந்து சொற்களும் மே 2 முதல் ஜூன் 1 வரையுள்ள ஒரு திங்களுக்குள், ஒன்றன்பின் ஒன்றாக, அந்தச் செய்தித்தாளின் குறுக்கெழுத்தில் விடைகளாக வந்துவிட்டன!

காவலதிகாரிகள் தலைமையாசிரியரைத் தேடிச் சென்று துருவித் துருவி வினவினர். அவரிடம் சூது ஏதும் காணப்படவில்லை. தற்செயல் என்றே விட்டுவிட்டனர். நாற்பது ஆண்டு கழித்து, 1984இல், அவரிடம் படித்த ஒருவர் ஒரு விளக்கம் தந்தார். குண்டுவீச்சுக்கு அஞ்சி அப்பள்ளியைச் சர்ரே பகுதிக்கு மாற்றியிருந்தனர்; அருகே படைவீரர்கள் பாளையமிறங்கியிருந்தனர். தலைமையாசிரியர் வெற்றுக் கட்டங்களை மாணவரிடம் கொடுத்துச் சொற்களால் நிரப்பச் செய்வாராம். பின்னர் அச்சொற்களுக்குத் தாம் குறிப்பு எழுதுவாராம். வீரர்கள் வாயில் அடிபட்ட சொற்களை மாணவர் பிடித்துக்கொண்டுவந்து கட்டத்துள் இட்டுவிட்டனர் என்பது அவர் கூற்று. இது முற்றும் மெய்யா என்பதைப் பற்றி வரலாற்றாசிரியரிடையே ஒருமை இல்லை. ஆனால் மாணவரைச் சொல் திரட்ட விட்டு, பொருள் வரைவதைத் தாம் மேற்கொண்ட அம்முறை நல்ல பாடமுறை என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதே செய்தித்தாள் 1942 சனவரியில் ஒரு போட்டி வைத்தது. 12 நிமிடத்தில் ஒரு குறுக்கெழுத்தை முடிக்க வல்லவர் உண்டா என்பது அறைகூவல். வந்தமர்ந்து முடித்துக் காட்டியோர் சிலருக்குப் பின்னர்ப் போர்த்துறையிலிருந்து இரகசியக் கடிதம் வந்தது. பகைவரின் மறைமொழிகளை உடைத்துவந்த பிளெட்ச்லி பார்க் நிலையத்தில் அவர்கள் அமர்த்தப்பட்டனர். விட்ட எழுத்தைப் பொருளாலும் அண்டை எழுத்தாலும் ஊகித்தறியும் பழக்கம் அங்கே பயன்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்குதான் நாம் கைவிளக்காகக் கொண்ட வினா நீதிமன்றம் வரை சென்றது.

தமிழ்நாட்டில் குறுக்கெழுத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தவை வார இதழ்கள். 1928இல் ஆனந்த விகடனை வாங்கி நடத்திய எஸ். எஸ். வாசன், 1930களில் அதில் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தினார். இதழின் விற்பனை ஓங்கியது. எழுத்தறிவு குறைவாக இருந்த அந்நாளில், ஒரு சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று திண்ணையில் அமர்ந்து விரல்விட்டு எண்ணும் வழக்கத்தை இப்போட்டிகள் உண்டாக்கின என்பதை மறுத்தலாகாது. பிற்காலத்தில், இந்தியாவின் பல பகுதிகளில், பரிசுப் போட்டி நடத்துவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் தோன்றின. பரிசுத்தொகை ஆயிரங்களைத் தாண்டிச் சென்றது. நுழைவுக் கட்டணம் செலுத்துவோரும் பெருகினர்.

இத்தகைய போட்டி எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை நானே புனைந்த ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். மூன்று கட்டம். இரண்டாவதில் 'ண', மூன்றாவதில் 'ம்' கொடுக்கப்பட்டுள்ளன. முதற்கட்டம் வெற்றிடம். குறிப்பு: 'நல்வாழ்வுக்கு இது வேண்டும்.' நீங்கள் என்ன எழுதுவீர்கள்? 'குணம்' என்பார் ஒருவர். 'பணம்' என்பார் மற்றொருவர். 'மணம்' என்று மூன்றாமவர் வாதிடுவார். மூன்றும் பொருந்தும்! போட்டி நடத்துவோர் இவற்றுள் ஒன்றைத் தாமே தெரிந்தெடுத்து, முத்திரையிட்டு வைத்துவிடுவர். அதனோடு ஒத்தவர்க்குப் பரிசு. இங்கே தமிழ்ப் புலவரும் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் ஒரே நிலையில் நிற்கின்றனர். முத்திரையிட்டவர் மனத்தில் இருப்பதை யார் அறிவார்?

கணக்கையும் பாருங்கள். இவ்வாறு இரண்டு விடைக்கு இடமளிக்கும் குறிப்புகள் பத்து இருந்தால், அவற்றை நிரப்பும் வழிகள் இரண்டைப் பத்து முறை பெருக்கிய தொகை, அஃதாவது 1,024. மூன்று விடைக்கு இடமளித்தாலோ 59,049. ஒரு விடைத்தாளுக்கு நாலணாக் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், இரண்டிரண்டாக உள்ள பத்துக் குறிப்புகளுக்கு எல்லா வழிகளையும் எழுதியனுப்ப 256 ரூபாய் வேண்டும். அத்துணைப் பணம் இல்லாதவன் பத்துத்தாள், இருபதுதாள் அனுப்பிவிட்டு முடிவு நாளுக்காகக் காத்திருப்பான். பிறகு அடுத்த வாரம் மீண்டும் அனுப்புவான். அகராதியைப் புரட்டியதன் பயன் அங்கே எங்கே இருக்கிறது?

இப்போது ஒரு மாறுதல் செய்வோம். அதே வெற்றுக் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி இரண்டெழுத்துச் சொல் ஒன்று செல்லட்டும். அதன் குறிப்பு: 'மழையில் விரிப்பது.' விடை 'குடை' என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆகவே முதற்கட்டம் 'கு'. ஆகவே நெடுக்கில் 'குணம்'. வாதத்துக்கே இடமில்லாது போயிற்று. கீழ்ச்சொல்லின் குறிப்பைப் 'போருக்குச் செல்வது' என்று மாற்றினால் 'படை' வரும், 'பணம்' வெல்லும். 'வயலுக்கு நீர் விடும் வாய்' என்றால் 'மடை'யும் 'மணமும்'. சூதாட்டத்தையும் சொற்பயிற்சியையும் பிரிப்பதற்கு ஒரேயொரு குறுக்குச் சொல் போதியதாக இருக்கிறது. ஃபாரர் அம்மையார் காத்த ஒழுங்கின் அருமை இப்போது விளங்குகிறதல்லவா?

1955ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ அமைத்தும் மாற்றியும் விடை காணும் புதிர்களுக்குப் பரிசளிக்கும் போட்டிகளை அது கட்டுப்படுத்தியது. ஒரு திங்களில் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு கூடாது. ஒரு போட்டிக்கு 2,000 விடைத்தாளுக்கு மேல் ஏற்றலாகாது. உரிமம் பெற்றே நடத்த வேண்டும் என்றெல்லாம் விதித்தது. பெங்களூரிலிருந்து பெரும் போட்டிகளை நடத்திவந்த சமர்பாக்வாலா என்பவரும் அவரைச் சேர்ந்தோரும் இச்சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றனர். பம்பாய் மாநிலம் விதித்த வரியை எதிர்த்தும் ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. இரண்டிலும் 1957 ஏப்ரல் 9ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சூதாட்டம் என்பது அரசியலமைப்பு பாதுகாக்கும் வாணிகம் ஆகாது என்றது நீதிமன்றம். அதே வேளையில், பெருமளவுக்கு அறிவுத்திறனால் வெற்றி பெறும் போட்டிகளை இச்சட்டத்தின் தடை தீண்டாது என்றும் கூறிற்று. திறனுக்கும் தற்செயலுக்கும் இடையே நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் இழுத்த அந்தக் கோட்டுக்கு ஒரு குறுக்கெழுத்துப் புதிரே காரணம்.

சட்டத்தைப் பற்றிய அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி. எல். வேங்கடராம ஐயர். இசையுலகத்தார் அவரை வேறொரு முறையில் அறிவர். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் துறைபோகியவர் என்பதால் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றவர். தாளமும் சட்டமும் ஒருங்கே கற்ற ஒருவரிடம் அந்த வழக்குச் சென்றது பொருத்தமே. சீட்டாட்டம், குதிரைப்பந்தயம் பற்றிய பிற்கால வழக்குகளிலும் 1957ஆம் ஆண்டுத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்பட்டது. 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டங்களைத் திறன், தற்செயல் என்ற வேறுபாடு பாராமலே விலக்கிவிட்டது.

பணத்தை விடுத்து மீண்டும் எழுத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் எழுத்து 26. ஆகவே ஆங்கிலக் கட்டத்தில் சொற்கள் எளிதில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. 'கோ' என்பதை எழுதக் கொம்பும் காலும் தேவைப்பட்டாலும் அது ஓரெழுத்து. ஒரே கட்டத்தில் அடங்கும். கணினி அதனை ககரம் ஒன்று, ஓகாரக்குறி ஒன்று என இரண்டாகவே எண்ணுகிறது. ஆதலால் கணினிக்கென்று தமிழ்ச் சொல்லாட்டம் செய்வோர் முதலில் இக்கணக்கைத் திருத்திக்கொண்டே தொடங்க வேண்டும். 2021இல் ஜாஷ் வார்டில் என்பவர் வெளியிட்ட 'வேர்டில்' என்னும் ஐந்தெழுத்து ஆட்டம் உலகெங்கும் பரவியதை அறிவீர்கள். அதனை 2022 சனவரியில் விலைகொடுத்து வாங்கியது யார் தெரியுமா? 1924இல் குறுக்கெழுத்தைக் கடிந்த அதே 'நியூயார்க் டைம்ஸ்'தான்!

247 எழுத்து என்று கேட்டதும் தமிழ்க் கட்டம் ஆகாத காரியம் என்று மலைக்க வேண்டா. தொல்காப்பியரும் நன்னூலாரும் நமக்கு வழி செய்து வைத்திருக்கின்றனர். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளும் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகா. அவை 96 எழுத்து. மெய் 18உம் முதலாகா, ஆய்தமும் ஆகாது. எனவே 247இல் 115 எழுத்துகள் தொடக்கத்துக்கு உதவாதவை. 'கப்பல்' என்ற சொல்லிலிருந்து கீழ்நோக்கிப் புதுச்சொல் தொடங்க வேண்டுமானால் 'க', 'ப' என்னும் இரண்டு கட்டங்களே உதவும். 'ப்', 'ல்' உதவா. 'குணம்' என்பதிலோ 'கு' ஒன்றே. கட்டம் வரைவோனுக்கு இது தளை. நிரப்புவோனுக்கோ இதுவே துணை.

மெய்ம்மயக்கம் இன்னும் பெருந்துணை. வகுப்பில் அந்நூற்பாக்களை நடத்தும்போது மாணவர் கண்கள் சன்னல் பக்கம் செல்வதை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். அதனைக் கட்டத்தில் வைத்துக் காட்டினால் கண்கள் திரும்புகின்றன. க், ச், த், ப் என்னும் நான்கும் தமக்குப் பின் தம் வரிசையையே ஏற்கும். ஒரு கட்டத்தில் 'ப்' விழுந்துவிட்டால் அடுத்த கட்டத்துக்கு 247 எழுத்தைத் தேட வேண்டியதில்லை. பகர வரிசையின் 12 எழுத்துகளுள் ஒன்றுதான் அங்கு வரும். 'ட்' அல்லது 'ற்' விழுந்தால் அதன் வரிசையோ, க, ச, ப என்னும் வரிசைகளோ வரும். 'ர்', 'ழ்' இரண்டும் இரட்டிக்கவே மாட்டா. அப்படியானால் 'பக்தி', 'சக்தி' என்பவற்றில் ககர மெய்யின் பின் தகரம் வருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவை வடசொற்கள் என்பதை அந்தக் கட்டமே உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது.

நாம் முன்னர்த் தொடங்கிய சிறு கட்டத்தை நீங்களே தொடருங்கள். நெடுக்கில் 'குணம்' இருக்கிறது. 'கு'விலிருந்து கீழே 'குடை' இறங்கியிருக்கிறது. அடுத்த வரிசையில் இப்போது 'டை' நிற்கிறது. டகரம் மொழிக்கு முதலாகாது. ஆகவே அதிலிருந்து வலப்புறமாகச் சொல் தொடங்க வழியில்லை. இடப்புறம் ஒரு கட்டம் சேர்த்து, 'டை' இறுதியாக நிற்கும் இரண்டெழுத்துச் சொல்லை அங்கு அமையுங்கள். குறிப்பு இது: 'சிவபெருமான் ஏறுவது, ஆசிரியர் எதிர்பார்ப்பது.'